டாலர் ஒன்று என்றால் என்ன?

ஷெல் ஸ்கிரிப்ட்டில் எழுதிய ஒரு ஃபங்ஷனை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பைத்தானில் பெயருக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் எட்டிப் பார்த்தாலே, அது என்னென்ன கேட்கிறது என்று பாதி புரிந்துவிடும். ஷெல்லில் அந்த அடைப்புக்குறி எப்போதும் காலி. உள்ளே போனால் டாலர் ஒன்று, டாலர் இரண்டு, டாலர் மூன்று. பேங்கில் டோக்கன் கொடுத்து உட்காரவைத்த மாதிரி, யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீவன் போர்ன் எழுதிய ஷெல் வந்தபோது அதில் ஃபங்ஷன் என்ற சமாச்சாரமே இல்லை. பின்னால் ஒட்டவைத்தார்கள். அதனால் இன்றைக்கும் பாஷில் ஃபங்ஷன் என்பது ஒரு குட்டி கமாண்ட் மாதிரிதான் நடந்துகொள்கிறது. சொற்களை வரிசையாக வாங்கிக்கொள்ளும், எதையாவது அச்சடிக்கும், 0 முதல் 255 வரை ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். மிச்சத்தை எல்லாம் மேலே எழுதும் கமெண்ட்தான் சொல்ல வேண்டும். கூகுளின் ஷெல் ஸ்டைல் கைடு இதில் கறாராக இருக்கிறது. பலரும் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரி ஃபங்ஷன் என்றால், அது இரண்டு வரியாக இருந்தாலும் தலைக்கு மேல் கமெண்ட் வேண்டும். எந்த குளோபல் மாறியைத் தொடுகிறது, என்ன வாங்குகிறது, எங்கே அச்சடிக்கிறது, என்ன திருப்புகிறது என்று நான்கையும் எழுதச் சொல்கிறது.

எங்கள் டீமில் அப்படி ஒரு பொது ஃபைல் இருந்தது. அறுநூறு வரிக்கு மேல். பேக்கப், பழைய ஃபைல்களை அழிப்பது, ராத்திரி ஓடும் க்ரான் வேலைகள் எல்லாமே அதைத்தான் முதல் வரியில் இழுத்துக்கொள்ளும். ஒன்பது வருடமாக ஒரே ஆள் எழுதியது. கமெண்ட் என்று பார்த்தால் அங்கங்கே ‘தொடாதே’ மட்டும். ஆட்குறைப்புப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. முப்பது நாள் நோட்டீஸ். “அவர்கிட்ட இருக்கறதை எல்லாம் டாக்குமெண்ட் பண்ணி வாங்கிடுங்க” என்று எனக்கு மெயில். அவர் தலையில் இருப்பதை இறக்கி வைத்துக்கொள்ளும் வேலை.

முதல் நாள் லேப்டாப்பைத் திறந்துகொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சங்கடமாக இருந்தது. அவரே ஆரம்பித்தார். “தம்பி, இதெல்லாம் முன்னாடியே எழுதி வெச்சிருந்தா என்னை இன்னும் ரெண்டு வருஷம் முன்னாலயே அனுப்பியிருப்பாங்க.” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது தப்பு என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது.

“சார், எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?”

“லாக்ல இருந்து. அதுதான் எல்லாரும் ஈஸின்னு நெனைக்கறது.”

ஷெல்லில் ஒரு ஃபங்ஷன் தன் பதிலை அச்சடித்துத்தான் சொல்லும். கூப்பிட்டவர் அந்த அச்சைப் பிடித்து ஒரு மாறியில் போட்டுக்கொள்வார். நடுவில் லாக் ஃபங்ஷனும் அதே வழியில் ‘பேக்கப் தொடங்கியது’ என்று அச்சடித்தால், அந்த வாக்கியமும் பதிலோடு சேர்ந்து மாறிக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஃபைல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தேதியும் நேரமும் ஒரு வாக்கியமும் இருக்கும். அதனால்தான் லாக் ஸ்டாண்டர்ட் எரர் வழியாகப் போக வேண்டும். அந்தத் தனி வழி பிறந்ததே இப்படி ஒரு தொல்லையால் என்று பெல் லேப்ஸ்காரர்கள் சொல்வதுண்டு. 1970களில் அங்கே ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு அனுப்பிய வேலை சொதப்பினால், பிழைச் செய்தியே விலையுயர்ந்த தாளில் அழகாக அச்சாகி வருமாம்.

சாரோட லாக் ஃபங்ஷன் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஏன் அப்படி இருக்கிறது என்பது அவர் தலையில் மட்டும் இருந்தது. இரண்டு நாள் பேசி எழுதியது, தமிழில் சொன்னால் இப்படி வரும்:

# வேலை: நேரம், நிலை, செய்தி மூன்றையும் ஒரே வரியில் எழுதும்
# டாலர் 1: நிலை. டாலர் 2: செய்தி
# எங்கே: ஸ்டாண்டர்ட் எரர் மட்டும். மாற்றினால் இதை நம்பும் ஸ்கிரிப்ட்டுகள் உடையும்
# நேரம்: யுடிசி. நம் கடிகாரத்துக்கு 5.30 மணி கூட்டிக்கொள்ளவும்

நிலை என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அரை நாள் ஆனது. 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயிலுக்காகச் செய்த சிஸ்லாக்கில் எட்டு நிலைகள் உண்டு. எமர்ஜென்சி 0, டீபக் 7. நடுவில் எது எரர், எது வார்னிங் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. இவர் கணக்கு வேறு. “எரர்னு எழுதினா யாரோ ஒருத்தன் போன் அடிச்சு தூக்கத்துல இருந்து எழுந்திரிப்பான். எழுந்தவனுக்கு செய்ய ஒரு வேலை இருக்கணும். இல்லேன்னா அது வார்னிங்.” அப்படியே எழுதிக்கொண்டேன். கைடுகளில் நான் படித்த எந்த வரையறையையும்விட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து ‘டை’. ஷெல் எழுதுகிறவர்கள் பாதிப் பேர் இந்தப் பெயரில் ஒன்று வைத்திருப்பார்கள். செய்தியை லாக் செய்துவிட்டு ஸ்கிரிப்ட்டையே நிறுத்தும். நிறுத்தும் என்று நாம் நினைத்துக்கொள்வோம். டாலர் போட்டு அடைப்புக்குறிக்குள் ஓடும் கமாண்டின் நடுவே கூப்பிட்டால் அந்த உள் ஷெல் மட்டும்தான் சாகும். வெளியே இருப்பது, யாரும் பார்க்காவிட்டால், பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். பெயரைப் பார்த்து இதை ஊகிக்க யாராலும் முடியாது. கமெண்ட்டில் மூன்று வரி.

திரும்பத் திரும்ப முயலும் ஃபங்ஷனில் ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஏழு விநாடி காத்திருப்பு இருந்தது. “ஏன் சார் ஏழு?” கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பழைய ஸ்டோரேஜ் ஒன்று எழுந்து வர ஐந்தாறு விநாடி எடுக்கும், அதற்காக. அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு நான்கு வருடம் ஆகிறது. ஏழை நாங்கள் மாற்றவில்லை. காரணத்தை மட்டும் எழுதினோம். 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே கமாண்டுகளின் விவரத்துக்குக் கீழே ‘பக்ஸ்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். செய்தவர்களே குறையை எழுதிவைத்த பக்கங்கள். நாங்களும் அதே தலைப்பை வைத்துக்கொண்டோம். அவர் அதை ரசித்தார் என்று நினைக்கிறேன். மூன்றாவது வாரத்தில் என்னைக் கேட்காமலேயே அந்தத் தலைப்பின் கீழ் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அவர் போன பிறகு மொத்தத்தையும் ரிவ்யூவுக்கு அனுப்பினேன். வேறு ஊர் ஆபீஸில் இருந்து ஒரு பெண் கவனமாகப் படித்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ‘தூசி’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே, அது என்ன சுருக்கம்? தற்காலிக ஃபைல்களைத் துடைக்கும் ஃபங்ஷன் அது. டாலர் ஒன்று காலியாக வந்தால் சர்வரின் வேரிலிருந்தே அழிக்கத் தொடங்கிவிடக்கூடிய வகை. அதனால் முதல் வரியிலேயே காலியா என்று பார்த்து நின்றுவிடும். அந்த வரி ஏன் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். பெயரைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. எனக்கு அது விளக்கம் தேவைப்படும் சொல்லாகவே தெரியவில்லை.

பெயரை மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தார். பதினோரு ஸ்கிரிப்ட்டுகள் அந்தப் பெயரில் கூப்பிடுகின்றன, இருக்கட்டும் என்று பதில் எழுதிவிட்டு, கமெண்ட்டில் ஒரு வரி சேர்த்தேன். தூசி, தமிழ்ச் சொல், வீட்டில் துடைப்போமே அது.