கரிக்கப்பலில் பழகிய தொழில்

கேப்டன் ஜேம்ஸ் குக்கின் சரித்திரத்தை எழுதியோர் பலரும், எண்டெவர் என்னும் கப்பலில் அவர் தென்கடலை நோக்கிப் புறப்பட்ட 1768ஆம் வருஷத்துக்கு வந்த பிறகே உற்சாகம் கொள்கிறார்கள். எனக்கோ, வயது ஏற ஏற, அதற்கு முன்பு பெயரும் புகழுமின்றி அவர் கடலில் கழித்த இருபத்தோராண்டுக் காலமே அதிகச் சுவையுடையதாகத் தோன்றுகிறது.

யார்க்ஷயரில் 1728இல் ஒரு பண்ணைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, ஸ்டெய்த்ஸ் என்ற மீனவர் ஊரில் சிறிது காலம் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி, அந்த ஜீவனம் மனத்துக்கு ஒவ்வாமல், விட்பி துறைமுகத்தில் ஜான் வாக்கர் என்னும் கப்பல் முதலாளியிடம் அவர் தொழில் பழகச் சேர்ந்தார். வாக்கரின் கப்பல்கள் லண்டனுக்கு நிலக்கரி சுமப்பவை. மணல்திட்டுகளும் நீரோட்டமும் மூடுபனியும் நிறைந்த அந்தக் கீழ்க்கரையோரமாக, தினந்தோறும் ஆழம் பார்த்து ஆழம் பார்த்துச் செல்வதைவிடக் கடுமையான பாடசாலை வேறில்லை. 1755இல் வாக்கர் ஒரு கப்பலின் தலைமையையே அவருக்குக் கொடுக்க முன்வந்தபோது, அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அரசாங்கக் கடற்படையில் சாதாரண மாலுமியாகப் போய்ச் சேர்ந்தார். நம்மூரில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சுற்றத்தார் மந்திரிக்க அழைத்துப் போயிருப்பார்கள்.

அந்தக் காலத்துக் கடற்படையில் மேலே போவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. பிரபுக்களின் பிள்ளைகளும் அவர்களுடைய சிபாரிசு பெற்றவர்களும் இளம் பிராயத்திலேயே மிட்ஷிப்மனாக நுழைந்து லெப்டினன்ட் ஆவது ஒன்று. கைத்தொழில் தெரிந்தவன் படிப்படியாக ஏறி மாஸ்டர் ஆவது மற்றொன்று. கப்பலைத் திசை தவறாமல் செலுத்தும் பொறுப்பு முழுவதும் மாஸ்டருடையது. ஆயினும் அரசர் பெயரால் அளிக்கப்படும் அதிகாரப் பத்திரம் அவனுக்குக் கிடையாது. 1757இல் பரீட்சை தேறி மாஸ்டரான குக், அடுத்த ஆண்டு கனடாவின் லூயிபர்க் கோட்டை வீழ்ந்த சமயம், சாமுவேல் ஹாலண்ட் என்னும் ராணுவ இஞ்சினீயர் கரையில் நிலமளப்பதைக் கண்டு, அவரிடமே அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். பிறகு நியூபவுண்ட்லாந்துக் கரையோரத்தை ஐந்தாண்டுகள் அளந்து படம் வரைந்தார். லெப்டினன்ட் பதவி அவர் கைக்கு வந்தபோது வயது முப்பத்தொன்பது. அதே வயதில் பெரிய இடத்துப் பிள்ளைகள் பலர் கேப்டனாகிப் பல வருஷங்கள் கழிந்திருக்கும்.

இந்தத் தாமதத்தை அநீதி என்று சொல்லலாம், அநீதிதான். ஆனால் அதன் பயனை முதற் பிரயாணத்தில் கண்கூடாகப் பார்க்கிறோம். ஸ்கர்வி நோய் வராதிருக்கவென்று ஏற்றிச் சென்ற புளிக்கவைத்த முட்டைக்கோஸை மாலுமிகள் தொடவும் மறுத்தபோது, அதைத் தினந்தோறும் அதிகாரிகளின் மேஜையில் மட்டும் பரிமாறச் செய்து, மற்றவர்கள் விரும்பினால் உண்ணலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்று இருந்துவிட்டார். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் கேட்கத் தொடங்கவே, அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. மேலே இருப்பவர்கள் உண்பது உயர்ந்தது என்று கீழே இருப்பவன் எண்ணுவான் என்பதை, கீழ்த்தளத்தில் படுத்து உறங்கியவர் அறிவார். (மதீராவில் புது மாட்டிறைச்சி வேண்டாம் என்ற இருவருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு சவுக்கடி கொடுத்தவரும் இவரே என்பதை நான் மறைக்கவில்லை.) எண்டெவரும் விட்பியில் கட்டிய பழைய கரிக்கப்பல்தான். 1770 ஜூனில் ஆஸ்திரேலியப் பவளப் பாறையில் அது மோதி, பீரங்கிகளைக் கடலில் எறிந்து, ஓட்டையைப் பாயால் அடைத்து மீட்கப்பட்ட பின், தட்டையான அடிப்பாகத்தை உடையதாகையால், ஓர் ஆற்றங்கரையில் சாய்த்து வைத்துப் பழுது பார்க்க முடிந்தது.

1775இல், இரண்டாம் பிரயாணம் முடிந்த பிறகு, முழுக் கேப்டன் பதவியும் கிரீனிச் ஆஸ்பத்திரியில் வேலை குறைந்த ஓர் உத்தியோகமும் அவருக்குக் கிடைத்தன. தென் அர்த்தகோளமே போதாதிருந்த தமக்கு இந்தச் சுவர்களுக்குள் அடங்கியிருக்க இயலுமா என்ற கருத்துப்பட, தம் பழைய முதலாளி வாக்கருக்கே கடிதம் எழுதினார். மறு வருஷமே மறுபடியும் புறப்பட்டார்.

அந்த மூன்றாம் பிரயாணத்தின் குக்கைப் படிக்கும்போது, வேறொரு மனிதரைப் பற்றிப் படிப்பதாக எனக்குத் தோன்றும். திருட்டுப் போன ஓர் ஆட்டுக்காக மூரியா தீவில் வீடுகளையும் தோணிகளையும் எரித்தார். ஹவாய்க்கு அருகில், கரும்புச் சாற்றில் காய்ச்சிய பானத்தை மாலுமிகள் மறுத்தபோது, முட்டைக்கோஸ் காலத்து யுக்தியெல்லாம் மறந்து, அவர்களுடைய சாராயத்தையே நிறுத்தினார். உடல்நலக் குறைவு, ஓய்வின்மை என்று ஆராய்ச்சியாளர்கள் காரணம் கூறுகிறார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாத உயரத்தையும் அவற்றோடு நான் சேர்த்துக்கொள்வேன். 1779 பிப்ரவரி 14ஆம் தேதி, களவு போன ஒரு படகை மீட்கும்பொருட்டு ஹவாய் மன்னரைப் பிணையாகப் பிடிக்கச் சென்று, கீலகீகுவா விரிகுடாக் கரையில் கொல்லப்பட்டார்.

அந்தக் கடைசிப் பிரயாணத்தில் குக் சென்ற கப்பலில், அவர் ஒரு காலத்தில் வகித்த அதே மாஸ்டர் உத்தியோகத்தை வகித்த இளைஞர் வில்லியம் பிளை. பத்தாண்டுகளுக்குப் பின் பவுண்டி கப்பலில் கலகம் செய்த மாலுமிகள் கடலில் இறக்கிவிட்டது அவரைத்தான். குக்கோடு அவர் சென்றது அந்த மூன்றாம் பிரயாணம் ஒன்றிலேதான்.