பாட்டியின் தேக்கா

சிங்கப்பூர் சென்றால் சிராங்கூன் சாலையிலுள்ள தேக்கா சந்தையை அவசியம் பாருங்கள். குளுவாங்கிலிருந்து ரயிலேறி வருஷந்தோறும் அங்கே போய்வந்தவர் என் பாட்டி. வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் தோசை தின்று, தலை நிறைய மல்லிகை சூடுவார். தாலியறுத்தவள் பூ வைப்பதா என்று ஊர் பேசியது. சிரித்துக்கொண்டே இன்னொரு முழம் வாங்கினார்.

1982இல் சந்தை எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்கு மாறியதும், பெயரை மாண்டரினில் 'சூஜியாவ்' என்றாக்கினார்கள். (தேக்காவும் ஹொக்கியன் சொல்தான், பாட்டிக்கு அது தமிழ்!) அவர் வாயில் புதுப்பெயர் நுழையவேயில்லை. 2000இல் மீண்டும் தேக்கா என்றானது. "பார்த்தியாடி, சர்க்காரே என் பேச்சைக் கேட்டிருச்சு!" என்று ரயில் முழுக்கச் சொல்லிவந்தார்.

பாட்டி இப்போது இல்லை. என் கணவர் காலமானபின், சென்ற பள்ளி விடுமுறையில்தான் முதல் தடவையாகத் தேக்கா போனேன். பூக்கார அம்மா, "எத்தனை முழம்?" என்றார்.

இரண்டு வாங்கிச் சூடிக்கொண்டேன்.