வாடியும் வாடாத காளான்

மழை பெய்த மறுநாள் குப்பைமேட்டிலும் புல்தரையிலும் குடை விரித்து நிற்கும் காளானை அறியாதார் யார்? காலையில் தோன்றி மாலையில் மடிவதால் அதை நிலையாமைக்கு உவமை கூறுவது நம் வழக்கம். அந்த உவமைக்கு அடங்காத ஒரு காளானின் பெயரைப் பற்றி இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

அதன் பேரினப் பெயர் மராஸ்மியஸ். சூட்டியவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் எலியாஸ் மாக்னஸ் ஃப்ரீஸ் (1794–1878). ‘வாடுதல்’, ‘வற்றுதல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. உணவின்றி எலும்பும் தோலுமாகிவிடும் குழந்தைகளின் நோயை மராஸ்மஸ் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோமே, அதுவும் இதே சொல்தான்.

மற்றக் காளான்கள் பலவும் ஓரிரு நாளில் அழுகிக் கூழாகிவிடும். மராஸ்மியஸோ வெயிலில் சருகாகச் சுருங்கிக் கிடக்கும். மழை வந்ததும் நீரை உறிஞ்சி மீண்டும் குடை விரிக்கும். வித்துகளையும் தூவத் தொடங்கும். இக்காளானைப் பிரித்தறிய ஃப்ரீஸ் இந்தப் பண்பையே முக்கியமாகக் கொண்டார்.

இனி ஒரு சொல் வேடிக்கை. நீதி, அநீதி ஆவதுபோல, கிரேக்கத்திலும் முன்னே ‘அ’ சேர்ந்தால் பொருள் எதிர்மறையாகும். ‘வாடு’ என்னும் அதே வேரோடு ‘அ’ சேர்ந்து பிறந்ததே அமராந்தஸ், அதாவது, வாடாதது. புனித பேதுரு தம் முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் மகிமையின் முடியைச் சிறப்பிப்பதும் இவ்வேரில் பிறந்த சொல்லால்தான். நம் வீட்டுத் தண்டுக்கீரை, முளைக்கீரை ஆகியவற்றின் பேரினப் பெயரும் அமராந்தஸே! வாடாமல்லியும் அந்தக் குடும்பத்துப் பூதான்.

ஆனால் நடப்பது என்ன? ‘வாடாதது’ என்று பெயர் பெற்ற கீரையை அம்மா ஈரத்துணியில் சுற்றி வைத்தாலும் மாலைக்குள் துவண்டுவிடுகிறது. ‘வாடுவது’ என்று பெயர் பெற்ற காளான், காய்ந்த பின்னும் எழுந்து நிற்கிறது.

தோழியரே, எங்கள் வகுப்பிலும் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தவுடன் ‘இவள் தேறமாட்டாள்’ என்று பெயர் பெற்றவர்கள் உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு அவர்களே நம்பிவிடுவதுதான் பெரிய துயரம். மராஸ்மஸ் நோயுற்ற குழந்தைகூடத் தக்க சமயத்தில் ஊட்டமும் மருத்துவமும் கிடைத்தால் தேறுகிறது. ஆகவே, யாரையும் சருகென்று கூட்டித் தள்ளுமுன் ஒரு மழைக்காவது பொறுத்திருப்போம். முடிந்தால், அந்த மழையாக நாமே இருப்போம்.