ஊருணிக்கு முறைக்காவல்

முதுகுளத்தூரிலிருந்து கடலாடி போகிற சாலையில் இருபக்கமும் சீமைக்கருவேலம். பல ஊர்களில் கிணறு வெட்டினால் உப்புத்தண்ணீர்தான். குடிக்க ஊருணியை விட்டால் வேறு வழி இருந்ததில்லை. கலங்கிய நீரையும் பானையில் தேற்றாங்கொட்டை உரசித் தெளியவைத்துக் குடித்தார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்ததும் ஊருணி மேலிருந்த கவனம் குறைந்தது. குழாயில் தண்ணீர் வராத நாளில்தான் அதன் அருமை தெரிகிறது.

நான் இறங்கிய ஊரில், ஐப்பசி மழைக்கு முன்பே, ஆவணியில், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்துவிடுகிறார்.

"தூர் வாருனா மட்டும் போதுமா தம்பி? வரத்துக்கால் அடைஞ்சு கெடந்தா, எம்புட்டு மழை பேஞ்சாலும் வெறுங்குழிதான்" என்றார் கரையில் நின்ற பெரியவர்.

ஆழத்திலும் அளவு உண்டு. அடியிலுள்ள களிமண் படுகையை உடைத்தால் உப்பு ஊறிவிடும் என்று அதற்கு மேலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

மழை பெய்து நிரம்பியதும் முறைக்காவல்: நாளுக்கு இரண்டு வீடு. ஆடு மாடு இறங்கக் கூடாது. குளிக்க, துவைக்கக் கூடாது. காவலுக்குக் கூலி இல்லை, குடிதண்ணீர்தான் கூலி.

உங்கள் ஊருணியின் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது? மழைக்கு முன் ஒருமுறை அதன் வழியே நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.