துப்பாக்கி வேண்டுமா?

முள்ளம்பன்றிக்கு முள் உண்டு. மாட்டுக்குக் கொம்பு உண்டு. தேளுக்குக் கொடுக்கு உண்டு. மனிதனுக்கு மட்டும் இயற்கை இப்படி ஒன்றும் கொடுக்கவில்லை. அறிவைக் கொடுத்து, ‘வேண்டியதை நீயே செய்துகொள்’ என்று விட்டுவிட்டது. அவனும் கல்லில் தொடங்கினான். வேலும் வில்லும் செய்தான். துப்பாக்கிக்கு வந்து சேர்ந்தான். தன்னைக் காத்துக்கொள்ள விரும்புவது குற்றமன்று. உயிர்க்கெல்லாம் பொதுவான இயல்பு அது. காக்கும் வழி எது என்பதில்தான் கேள்வி எழுகிறது. சென்ற கார்த்திகை மாதம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது.

நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்திலிருந்து இந்த உத்தரப் பிரதேசத்துக்கு வந்தவள். ஆய்வுக்கூடத்து எக்ஸ்ரே கருவி எங்களைப் போன்றோர் கைக்கு வருவது மாலை ஆறுக்கு மேல்தான். வேலை முடிந்து விடுதிக்குத் திரும்ப இரவு பத்தாகும். இடையில் மாமரங்கள் அடர்ந்த ஒரு சாலை. அங்கே விளக்கு எரிந்தால் அன்று நல்ல நாள். ஓர் இரவு மோட்டார் சைக்கிளில் இருவர் விளக்கை அணைத்துவிட்டு என் பின்னே மெதுவாக வந்தார்கள். விடுதி வாயில் வரை வந்து, உரக்கச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றும் நடக்கப் போவதில்லை என்பது அந்த ஏழெட்டு நிமிடமும் எனக்குத் தெரியாது அல்லவா?

செய்தி வீட்டுக்கு எட்டியது. “படிச்ச வரைக்கும் போதும் தாயி, புறப்பட்டு வா” என்றாள் அம்மா. அண்ணன் வேறு வழி சொன்னான்: “படிப்பை ஏன் விட வேண்டும்? லைசென்ஸ் வாங்கி ஒரு ரிவால்வர் வைத்துக்கொள். பணம் நான் தருகிறேன்.” ஊருக்குத் திரும்புவதா, துப்பாக்கி வாங்குவதா? பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று தவணை வைத்தார்கள். விஞ்ஞானம் படிக்கிறவளுக்கு அது போதாதா? ஆராயத் தொடங்கிவிட்டேன்.

துப்பாக்கி எனக்கு அந்நியமான பொருள் அன்று. பி.எஸ்ஸி. படித்தபோது என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டிருக்கிறேன். 25 கஜ தூரத்தில் அட்டை இருக்கும். குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். பயிற்றுவிப்பவரை ‘உஸ்தாத்’ என்று அழைப்போம். அவர் ஐந்து தோட்டாக்களை எண்ணித் தருவார். சுட்டபின் ஐந்து வெற்று உறைகளையும் எண்ணி வாங்குவார். அந்த உறைக்கு இந்தியில் ‘கோக்கா’ என்று பெயர். ஒருநாள் ஒரு கோக்கா குறைந்தது. நாற்பது பேரும் வெயிலில் முழந்தாளிட்டுப் புல்லைக் கோதினோம். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அகப்பட்டது. ‘வெற்று உறைக்கு இத்தனை பாடா?’ என்று ஒருத்தி முணுமுணுத்தாள். உஸ்தாத் காதில் அது விழுந்துவிட்டது. “துப்பாக்கி பிடிப்பவருக்குக் கணக்குத்தான் முதல் பாடம், குறி இரண்டாவது பாடம்” என்றார். ஆயுதத்தைப் பற்றி நான் கேட்ட சொற்களில் இன்றுவரை என்னோடு இருப்பது இது ஒன்றே.

அந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, இருபத்தொரு வயது நிரம்பியவர் துப்பாக்கி லைசென்ஸ் கேட்கலாம். எனக்கு இருபத்து மூன்று, ஆகவே தடையில்லை. ஆனால் கேட்டவருக்கெல்லாம் கிடைத்துவிடாது. காரணம் காட்ட வேண்டும். போலீசார் விசாரிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கேட்கின்றன. 2019-இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸின் ஆயுள் ஐந்தாண்டு. பெண்களுக்கென்றே 2014-இல் கான்பூர் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ. அப்போதே விலை 1,20,000 ரூபாய்க்கு மேல். அஞ்சாதவள் என்று பெயர் வைத்தார்கள். விலையைக் கேட்டால் யாருக்கும் அச்சம் வரும்!

விலை கிடக்கட்டும், அண்ணன் தருவான். அதைவிடப் பெரிய தடை ஒன்று விதிகளுக்குள்ளேயே இருந்தது. கல்வி நிலைய எல்லைக்குள் லைசென்ஸ் துப்பாக்கியையும் கொண்டு வரக்கூடாது. என் ஆய்வுக்கூடம், என் விடுதி, அந்த மாமரச் சாலை மூன்றும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. எங்கே எனக்குப் பாதுகாப்பு வேண்டுமோ, அங்கே துப்பாக்கி வரமுடியாது! இந்த விதியை நான் குறை கூறவில்லை. ஐந்நூறு பேர் தங்கும் விடுதியில், பூட்டாத பெட்டியும் திறந்த அலமாரியும் உள்ள இடத்தில், தேர்வு முடிவு வந்த இரவில், துப்பாக்கி ஒன்று இருப்பதை எண்ணிப் பாருங்கள். விதி செய்தவர் விடுதி வாழ்க்கையை அறிந்தவராகவே இருக்க வேண்டும்.

இருந்தும், விதி இல்லாவிட்டால் அது உதவுமா என்று பார்க்க மனம் விரும்பியது. அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்துக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் என்பவர் ஒரு கணக்கை 1983-இல் எழுதினார். கத்தியோடு 21 அடி தொலைவில் நிற்பவன் ஓடிவந்து நம்மைத் தொட ஏறத்தாழ ஒன்றரை விநாடி போதும். பயின்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகும். பயிலாதவள் கதி என்ன?

விடுதி நடையில் 21 அடி அளந்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். அரைக் கிலோ எடைக்கல் ஒன்றைக் கைப்பைக்குள் போட்டேன், அதுதான் ரிவால்வர். மடிக்கேரியிலிருந்து வந்து படிக்கும் என் அறைத் தோழி ஹாக்கி ஆடுபவள், அவள்தான் திருடன். இருபது முறை ஓடி வந்தாள். பதினேழு முறை, நான் எடைக்கல்லை எடுப்பதற்குள் என் தோளைப் பிடித்துவிட்டாள். நான் வென்ற மூன்று முறையும் என் கை முன்பே பைக்குள் இருந்தது. பழகப் பழக விரைவு வரும் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அந்த மூன்று வெற்றிகள் எனக்குச் சொன்னது வேறு. வெல்ல வேண்டுமானால், எதிரே வரும் ஒவ்வொருவரையும் பகைவன் என்று எண்ணி, கையைப் பைக்குள் வைத்தபடியே நடக்க வேண்டும். பால்காரர், காவலாளி, உடன் படிக்கும் மாணவர் எல்லாரையும் அப்படியே எண்ண வேண்டும். அப்படி நடப்பவளுக்கு உடல் பிழைக்கலாம்; மனம் பிழைக்குமா?

அந்தத் தோழியின் ஊரான குடகில் துப்பாக்கி வீட்டுப் பிள்ளை போன்றது. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்ற விலக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உண்டு. மத்திய அரசு 2019-இல் அதை மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-இல் அதை ஏற்றது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு. யாரேனும் இறந்தால் இரண்டு வேட்டு. அந்த ஒலி கேட்டு அக்கம்பக்கத்தார் வந்து கூடுவார்கள். செப்டம்பரில் வரும் கைல்போதுப் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிப் பூசை செய்வார்கள். அந்தப் பூவை அவர்கள் ‘தோக் பூ’, அதாவது துப்பாக்கிப் பூ என்கிறார்கள். அவள் காட்டிய படத்தைப் பார்த்து வியந்துபோனேன். அது நம் செங்காந்தள்! தமிழ்நாட்டு அரசின் மலர், அங்கே துப்பாக்கிக் குழலில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. பாளையக்காரர் போர் 1801-இல் முடிந்ததும், கம்பெனியார் கோட்டைகளை இடித்து மக்களின் ஆயுதங்களையும் பறித்தார்கள். நாடு முழுவதற்குமான ஆயுதச் சட்டம் 1878-இல் வந்தது. இந்தியர் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைக்கக்கூடாது, ஐரோப்பியருக்கோ விலக்கு. அகிம்சையே உருவான காந்தியடிகள்கூட, ஒரு நாட்டையே நிராயுதபாணி ஆக்கிய அச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கொடிய செயல்களில் வைத்துக் கண்டித்தார். 1931 கராச்சிக் காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கக் கேட்டபோது, அம்பேத்கர் மறுத்தார், சபையும் ஏற்கவில்லை. நாடு பிரிந்து, குருதி பெருகிய மறு ஆண்டு அது. ஆயுதம் இல்லாமையின் இழிவையும், ஆயுதம் பரவியதன் கொடுமையையும் ஒரே தலைமுறை பார்த்திருந்தது. இன்றைய சட்டம் அவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

அந்த நடுவைக் கண்ணால் காணும் வாய்ப்பும் கிடைத்தது. ஆய்வுக்கூடத் தோழி ஒருத்தியின் கிராமத்துக்குத் தீபாவளிக்கு அடுத்த வாரம் போயிருந்தேன். அவள் தந்தை உழவர். கோதுமைக் காட்டின் நடுவே, ஊருக்கு ஒரு மைல் தள்ளித் தனி வீடு. சுவரில் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று தொங்கியது. தேர்தல் வந்தால் அதைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்குவாராம். அவர் என்னைக் கேட்டார்: “உங்கள் ஊரில் துப்பாக்கி இல்லாமல் எப்படித் தூங்குகிறீர்கள், மகளே?” நான் சிரித்துவிட்டேன். “தெருவே திண்ணையில் படுத்திருக்கும், பெரியவரே. ஒருவர் இருமினால் பத்துப் பேர் விழிப்பார்கள்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “எங்களுக்கும் பக்கத்தில் ஒரு தெரு இருந்தால் இது எதற்கு?” என்றார்.

2016 இறுதியில் நாட்டில் இருந்த லைசென்ஸ்கள் 33.69 லட்சம். அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும், தமிழ்நாட்டில் 22,532. இத்தனையும் தனி வீட்டுக்காரர்களுடையவை அல்ல. கல்யாண ஊர்வலத்தில் தோளில் மாட்டி நடப்பதற்கென்றே வாங்கியவர் பலர். வானத்தை நோக்கிச் சுடுவது அங்கே ஒரு வாழ்த்து. மேலே போன குண்டு மேலேயே நின்றுவிடுமா? அமெரிக்க இராணுவத்து ஹாட்சர் 1920-ஐ ஒட்டிச் செய்த சோதனைகளில், நேர்மேலே சுட்ட ரைஃபிள் குண்டு விநாடிக்குச் சுமார் 300 அடி வேகத்தில் திரும்பி விழுவதாகக் கணக்கிட்டார். மண்டையோட்டைத் துளைக்க அது போதும். அந்தப் பெரியவரின் சகோதரி மகனுக்கு இப்படியொரு கல்யாணத்தில் முழங்கை போயிற்று, சுட்டவர் உறவினர்தான். இத்தகைய வேட்டுக்கு 2019 திருத்தம் இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. முழங்கையைத் திருப்பித் தர எந்தத் திருத்தத்தாலும் முடியாது.

சட்டம் நம்மைக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை என்பதையும் நண்பர்கள் அறிய வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், தன் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகின்றன. உயிருக்கோ மானத்துக்கோ தக்க அச்சம் நேரும்போது தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். ஆனால் காக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தராது. ஓடிப் போகிறவனை முதுகில் சுடுவது தற்காப்பு ஆகாது.

பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக்குப் பதில் சொன்னேன்: “துப்பாக்கியும் வேண்டாம், திரும்பியும் வரமாட்டேன்.” அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டாள். செய்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்றேன். இரவில் ஆய்வுக்கூடத்தில் இருப்போர் பெயரை எழுத ஒரு பலகை மாட்டினோம். ஒன்பதே முக்காலுக்கு ஒரு கூட்டம், பதினொன்றுக்கு ஒரு கூட்டம். தனியே யாரும் புறப்படுவதில்லை. முதல் வாரம் நாங்கள் நான்கு பேர். இப்போது பத்தொன்பது பேர். தமிழர், வங்காளியர், மலையாளிகள், இந்த ஊர்க்காரர் எல்லாரும் உண்டு. விளக்குக்கு மனு எழுதினோம்; மூன்றாவது மனுவுக்குப்பின் விளக்கு எரிகிறது. ஞாயிறுதோறும் ஊரில் உள்ள பயிற்சிக் கூடத்தில் .177 ஏர் ரைஃபிள் சுடப் போகிறேன். விதிகள் குறித்த அளவுக்கு உட்பட்ட அந்தக் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர்ப் புள்ளியைக் குறிபார்ப்பது அச்சத்தால் செய்கிற வேலை அன்று. மனத்தை அடக்கும் வேலை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். பிறந்த ஊரை விட்டு வந்த தமிழ்ப் பெண்ணுக்குத் துப்பாக்கி தரக்கூடிய பெருமை எது என்பதற்கு அவரே சான்று.

தனி வீட்டு உழவருக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. நாம் தனி வீட்டில் இல்லை. வள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். படைக்கு இரண்டு வைத்தார். நட்புக்கு ஐந்து வைத்தார். ஆகவே தோழர்களே, தோழியரே, பலகையில் இன்னும் இடம் இருக்கிறது. இரவில் வேலை உள்ளவர்கள் பெயர் எழுதுங்கள். வேலை இல்லாதவர்களும், வாரத்தில் ஓர் இரவு துணையாக நடக்க முடியுமானால், எழுதுங்கள்.