அந்தக் கேசட்டில் பறை அடித்தது யார்?

சத்தியமங்கலத்தில் நாங்கள் மாலைநேர வகுப்பு நடத்தும் வளவில், போன மாதம் ஒரு தாத்தாவின் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்துகொடுத்தோம். நைந்துபோன மஞ்சப்பைக்குள் ஒரு 60 நிமிடக் கேசட் இருந்தது. மேலே நீல மையில் ‘குணசேகரன் பாட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தது. கடையில் விற்ற கேசட் இல்லை. யாரோ டபுள் டெக்கில் போட்டு நகலெடுத்துக் கொடுத்தது. நாடா ஓரிடத்தில் சுருண்டிருந்தது. பென்சிலை விட்டுச் சுற்றி நேராக்கினோம். டேப் ரிக்கார்டர் தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

குணசேகரன் என்றால் கே.ஏ. குணசேகரன். 1955இல் சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர், 2016 ஜனவரியில் மறைந்தார். ‘வடு’ எழுதியவராகவும் ‘பலி ஆடுகள்’ நாடகம் எழுதியவராகவும் மாணவர்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் முதலில் பாடகர். நாட்டுப்புறப் பாட்டில் அடிக்கடி வரும் ‘தன்னானே’ என்ற சந்தத்தையே பெயராக வைத்துக் கலைக்குழு நடத்தினார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ ஊர் ஊராகப் போனது பெரிதும் அவர் குரலில்தான். 2017இல் அம்ஷன் குமார், அப்பாவின் பிணத்தைப் பொதுப்பாதையில் எடுத்துப்போகப் போராடும் ஒரு மகனைப் பற்றிப் படம் எடுத்தபோது அந்தப் பெயரையே வைத்தார்.

எங்கள் வளவுக்கு அந்தப் பாட்டு ரேடியோவில் வரவில்லை, பையில் வந்தது. கூட்டத்துக்குப் போனவர் ஒன்று வாங்கி வருவார், அதிலிருந்து நாலு நகல், அந்த நாலிலிருந்து இன்னும் பத்து. ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கூடும். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய அந்த 1990களில், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இதையெல்லாம் அன்றைக்கு யாரும் ‘அண்டர்கிரவுண்ட் மியூசிக்’ என்று சொல்லவில்லை.

சமூகவியல் படித்தபோதுதான் அந்தச் சொல் எங்களுக்கு வந்தது. இங்கிலாந்தில் 1970களின் கடைசியில் பங்க் இசைக்குப் பின்னால் வந்த சின்னச் சின்ன பேண்டுகளைப் பற்றி வாசித்தோம். அதில் ஒன்று ஏலியன் கல்ச்சர். தெற்கு லண்டனில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பையன்கள் மூன்று பேரும் ஒரு வெள்ளைக்காரப் பையனும் 1979இல் ஆரம்பித்தது. வேறு பண்பாட்டுக்காரர்கள் வந்து நாட்டை மூழ்கடித்துவிடுவார்களோ என்று மக்கள் பயப்படுகிறார்கள் என 1978இல் மார்கரெட் தாட்சர் டிவியில் பேசினார். அந்த அவமானத்தையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1980இல் ஒரே ஒரு இசைத்தட்டு, ‘ஏசியன் யூத்’. அடுத்த ஆண்டே கலைந்துபோனார்கள். அவ்வளவு சின்ன பேண்டு, ஆனால் டிரம்ஸ் அடித்தவர் யார், பேஸ் கிட்டார் யார் என்று இன்றைக்கும் தேடி எடுக்க முடிகிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

எங்கள் கேசட்டில் பாடுகிறவரின் பெயர் மட்டும் இருக்கிறது. பறை யார், துணைக்குரல் கொடுக்கும் பெண் யார்? அசல் அட்டையில் பெயர்கள் இருந்திருக்கலாம். நகலெடுத்தவருக்கு அதை எழுதத் தோன்றவில்லை. தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. எத்தனையோ முறை அந்தப் பாட்டுகளை மேடையில் போட்ட நாங்களும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்தத் தாத்தாவிடமே கேட்டோம். அவர் பேசியது வேறு. எங்கள் பக்கம் அதைத் தப்பட்டை என்பார்கள். பதினாலு வயதிலிருந்து எழவு வீட்டுக்கும் கோயில் நோம்பிக்கும் அடித்தவர். 1990களில் மகன்கள் சொல்லி நிறுத்தினார். அதற்கு ஊரில் ஆறு மாதம் காட்டு வேலைக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். தப்பட்டையை என்ன செய்தீர்கள் என்றதற்கு, “அடுப்புல வச்சேன்” என்றார்.

“அப்புறம் எதுக்குங்க இந்தக் கேசட்டு?”

“அது பாட்டு, கண்ணு. இது தொழிலு. நீங்க மேடைல அடிச்சுட்டு எறங்கி வந்துர்றீங்க. என்னைய அடிச்சுட்டு எங்க நிக்கச் சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.”

பறை விடுதலையின் இசை என்று எங்கள் பேனர்களில் நாங்களே எழுதியிருக்கிறோம். அதை எடுத்து அடிப்பதும் விடுதலைதான், அடுப்பில் வைத்ததும் விடுதலைதான் என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்குப் பட்டது. இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டாடினால் இவரைப் போன்றவர்களை இன்னொரு தடவை வெளியே நிறுத்துகிறோம். இதில் எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. வகுப்புக்கு வரும் பிள்ளைகள் 2017இல் சென்னையில் தொடங்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டுகளைப் போனில் கேட்டு வளர்ந்தவர்கள். எங்களுக்கும் தப்பட்டை வாங்கித் தாங்க என்கிறார்கள். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடிக்கக் கற்றுக்கொடுக்க அதே தாத்தாவைத்தான் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம். இரண்டாவது பக்கத்தில், ஒரு பாட்டு முடிந்த பிறகு பறை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடுகிறது. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. “நல்ல கை” என்றார்.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கேசட்டுகள் கிடக்கும். அசல் அட்டையோடு இருந்தால் அதில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். அட்டை இல்லையென்றால், வாங்கி வந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். அந்த நல்ல கைக்காரர் யாரென்று தெரிந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். கேசட் மேல் எழுதிவைக்க இடம் விட்டிருக்கிறோம்.