முப்பத்தொன்றாம் தேதி வந்தவர்கள்

"தம்பி, இன்னைக்கு லீவு போட்டவன் கணக்கெல்லாம் சரியா இருக்கு. வந்தவனுக்கெல்லாம் இந்த மாசம் பூரா சைபர்னு காட்டுது. ஒருநாள் விடாம வந்தவனுக்கு ஓரத்துல மைனஸ் ரெண்டு வேற. அவன் நமக்கு ரெண்டு நாள் பாக்கியா?"

செம்மங்குப்பத்திலிருந்து மேஸ்திரி பேசினார். ஜூலை 31, ராத்திரி. சிப்காட் பக்கம் கூலிக்கு ஆள் அனுப்புகிறவர். அவருடைய வருகைப் பதிவுக்கு நான்தான் வலைப்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஜூனில் ஒரு குறையும் இல்லை.

சிக்கனம் என்று நினைத்துச் செய்தது அது. ஆளுக்கு மாதம் ஓர் எண். அதில் நாளுக்கு ஒரு பிட். ஐந்தாம் தேதி வந்தால் 1 << 5. அந்தக் கணக்கில் முப்பத்தொன்றாம் தேதிக்கு 1 << 31. வினை அங்கேதான். ஜாவாஸ்கிரிப்ட் எண்களை 64 பிட்டில் வைத்திருக்கும். பிட் வேலை என்று வந்துவிட்டால் 32 பிட்டாக நறுக்கிவிடும். அதன் உச்சிப் பிட் மற்றவை போல மதிப்பைக் கூட்டாது, 2147483648-ஐக் கழிக்கும். முப்பது நாளும் வந்தவர் சேர்த்து வைத்தது 2147483646. முப்பத்தொன்றாம் நாளும் வந்தார், -2 ஆனார். பழைய ஈபி மீட்டரில் 00000-லிருந்து ஒரு பல் பின்னால் சுற்றினால் 99999 வருமே, அதையே மைனஸ் ஒன்று என்று படிப்பது மாதிரிதான். (ஓரத்தில் தெரிந்த எண், சோதனைக்குப் போட்டு நான் அழிக்க மறந்தது.)

பிட்டுகளை வலப்பக்கம் தள்ளித் தள்ளி நாளை எண்ணும் வரியில் "> 0 ஆக இருக்கும்வரை" என்று எழுதியிருந்தேன். மைனஸ் எண் வாசலிலேயே திரும்பிவிட்டது, அதனால்தான் சைபர். அவசரத்தில் அதை !== 0 என்று மாற்றினேன். பக்கம் உறைந்தே போயிற்று! >> என்று வலப்பக்கம் தள்ளினால் காலியான இடத்தில் அந்த உச்சிப் பிட்டின் நகல் வந்து உட்கார்ந்துகொள்ளும். -2 தள்ளத் தள்ள -1 ஆகும். -1 எத்தனை முறை தள்ளினாலும் -1 தான். சைபருக்கு வரவே வராது.

இன்னொரு கோணக்குறி சேர்த்து >>> என்று போட்டதும் சரியானது. அது காலி இடத்தில் 0 வைக்கும், விடையைக் குறியில்லாத எண்ணாகத் தரும். குறியில்லாத முழு எண் வகை இல்லாத ஜாவாவுக்காகப் பிறந்த குறி. 1995-இல் பிரெண்டன் ஐக் அவசரமாக எழுதிய ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

மேஸ்திரியிடம், "நாமதான் அவருக்குப் பாக்கி" என்றேன்.

ஆகஸ்டுக்கும் 31 நாள். அந்தக் கடைசி நாளன்று மேஸ்திரி கூப்பிடுமுன் நானே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.